கொரிய முடியாட்சியின் வீழ்ச்சி: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பான் 1910 ஆகஸ்டில் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இந்த ஒரு வரியிலிருந்து கதையைத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 1910இல் மிச்சமிருந்தது கடைசிக் கையெழுத்து மட்டுமே. வெளியுறவு அதிகாரம் 1905 நவம்பரிலேயே பறிபோயிருந்தது. 1907இல் பேரரசர் கோஜோங் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார், படையும் கலைக்கப்பட்டது.

உடன்படிக்கைகளின் முதல் பிரிவை நம்பிவிடுவது அடுத்த தவறு. 1876இன் கங்ஹ்வா உடன்படிக்கை, கொரியா சுதந்திர நாடு, ஜப்பானுக்கு நிகரான உரிமை உடையது என்று அறிவிக்கிறது. இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. சீனாவின் சிங் அரசுக்குக் கொரியா கப்பம் செலுத்திவந்த பழைய உறவை அறுப்பதே நோக்கம். திறக்கப்பட்ட துறைமுகங்களில் குற்றம் செய்யும் ஜப்பானியரைக் கொரிய அதிகாரிகள் விசாரிக்க முடியாது என்பதும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது. 1895 ஏப்ரலில் ஷிமோனோசெகியில் சீனா கையெழுத்திட்ட உடன்படிக்கையும் கொரியாவின் முழுச் சுதந்திரத்தில்தான் தொடங்குகிறது. ஆறே மாதத்தில், அக்டோபர் 8 அன்று, கோஜோங்கின் மனைவி அரசி மின் தன் அரண்மனைக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தாக்குதலுக்குப் பின்னால் இருந்தவர் ஜப்பானியத் தூதர் மியூரா கோரோ. ஹிரோஷிமா நீதிமன்றம் போதிய சான்று இல்லை என்று அவரை விடுவித்தது.

இதற்காகச் சீனாவைக் கொரியாவின் காவலனாகக் காட்டுவதும் சரியல்ல. 1882இல் சம்பள அரிசி கிடைக்காத வீரர்கள் கலகம் செய்தபோது, உள்ளே வந்த சிங் படை அரசர் கோஜோங்கின் தந்தையையே பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. 1885 முதல் 1894 வரை சிங் அரசின் பிரதிநிதி யுவான் ஷிகாய் சியோலில் அமர்ந்து அரசவையின் ஒவ்வொரு அசைவிலும் தலையிட்டார்.

என்னை மிகவும் வருத்துவது, கோஜோங்கைக் கோழை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் வழக்கம். 1896 பிப்ரவரி 11 அன்று அவர் அரண்மனைப் பெண்களின் பல்லக்கில் மறைந்து ரஷ்யத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். மனைவி கொலையுண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அரண்மனை ஜப்பானுக்குச் சாய்வான அமைச்சர்களின் பிடியில் இருந்தது. அந்த ஓர் இரகசியப் பயணம் அந்த அமைச்சரவையைக் கவிழ்த்துவிட்டது. விலையும் பெரியதுதான்: யாலு ஆற்றங்கரைக் காடுகளில் மரம் வெட்டும் உரிமை ரஷ்ய வணிகர் ஒருவருக்குப் போனது.

அதே ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் முடிசூட்டு விழாவுக்குக் கொரியத் தூதராக மின் யொங்ஹ்வான் சென்றார், ரஷ்யாவின் பாதுகாப்பைக் கேட்டார். அவருக்குப் பிடிகொடுக்காமல் பதில் சொன்ன அதே வெளியுறவு அமைச்சர் லோபனோவ், ஜப்பானின் யமகதாவுடன் கொரியா குறித்து இரகசியப் பிரிவுகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ரஷ்யாவைக் கொரியாவின் நண்பன் என்று எழுதுவோர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் டாஃப்டும் ஜப்பானியப் பிரதமர் கட்சுராவும் 1905 ஜூலையில் கொரியா குறித்துப் பேசியதை 'இரகசிய ஒப்பந்தம்' என்று ஊதிப் பெருக்குவதும் உண்டு. அது உரையாடல் குறிப்பு மட்டுமே. அதைவிடக் கனமானது, ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்ட ஆங்கில-ஜப்பானியக் கூட்டணி. கொரியாவில் ஜப்பானின் மேலாதிக்கத்தைப் பிரிட்டன் ஏற்றது. இந்திய எல்லையைக் காக்கப் பிரிட்டன் எடுக்கும் நடவடிக்கைகளை ஜப்பான் ஏற்றது. நம் நாட்டின் அடிமைத்தனமும் அந்தக் கணக்கில் ஒரு பகுதி என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

கடைசியாக, வெளியுறவு அதிகாரத்தைப் பறித்த 1905 நவம்பர் உடன்படிக்கையைக் கொரியா 'ஒப்புக்கொண்டது' என்று எழுதாதீர்கள். ஜப்பானிய வீரர்கள் அரண்மனையைச் சூழ்ந்து நிற்க, ஜப்பானின் சிறப்புத் தூதர் இதோ ஹிரோபுமி நேரில் வந்து அமைச்சர்களை நெருக்கினார். தலைமை அமைச்சர் ஹான் கியூசொல் மறுத்தார். ஐந்து அமைச்சர்கள் இணங்கினார்கள். ரஷ்யாவில் கெஞ்சிப் பார்த்த மின் யொங்ஹ்வான் அந்த மாதமே எதிர்ப்புத் தெரிவித்து உயிரை மாய்த்துக்கொண்டார். கோஜோங் 1907இல் ஹேக் அமைதி மாநாட்டுக்கு மூன்று தூதர்களை அனுப்பி, தான் அந்த உடன்படிக்கைக்கு இசையவில்லை என்று உலகுக்குச் சொல்ல முயன்றார். மாநாடு அவர்களை உள்ளே விடவில்லை. அந்த ஜூலையிலேயே ஜப்பான் அவரைப் பதவி விலகச் செய்தது.