பெண்கள் குழு வெளியே கிளம்பும்போது எங்கே சொதப்புகிறோம்?

அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தால் முதல் இரண்டு மூன்று அவுட்டிங் அமர்க்களமாக நடக்கும். அப்புறம் வருகை குறையும். முப்பது பேர் வந்த இடத்தில் பதினைந்து பேர், கடைசியில் அதே ஏழெட்டு முகங்கள். "யாருக்கும் ஆர்வமே இல்லை" என்று ஒருங்கிணைப்பவர் சலித்துக்கொள்வார். என்னைக் கேட்டால் ஆர்வத்துக்கு ஒன்றும் குறைச்சல் இருக்காது. ஏதோ ஒன்று ஒத்துவராமல் போயிருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லத் தயக்கம். "கொஞ்சம் வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று பதில் வரும். அந்த வேலைக்குப் பின்னால் முழங்கால் வலி இருக்கலாம், கையில் பணம் புரளாத மாதமாக இருக்கலாம், போன தடவை யாரோடும் பேசாமல் திரும்பி வந்த சங்கடம் இருக்கலாம். இங்கே சொல்லப்போகும் தவறுகள் பெரும்பாலும் அப்படிச் சத்தமில்லாமல் ஆட்களை விலக்குகிறவை.

"எங்கே போகலாம்?" என்று பொதுவில் கேட்பது

வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வியைப் போட்டால் நாலு பேர் "எதுவானாலும் சரி" என்பார்கள். மூன்று பேர் ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். நடுவில் ஒரு காலை வணக்கப் படம் வந்து விழும். இரண்டு நாள் கழித்துப் பேச்சு எங்கே தொடங்கியது என்பதே யாருக்கும் நினைவிருக்காது. கடைசியில் அதிகம் பேசுகிறவர் சொன்ன இடம் முடிவாகும்.

இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து முன்கூட்டியே விசாரித்து, இரண்டு இடங்களை மட்டும் முன்வைப்பது நல்லது. ஒவ்வொன்றுக்கும் தலைக்கு எவ்வளவு ஆகும், எவ்வளவு நடக்கணும், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்ற மூன்றையும் எழுதிவிட்டு வாக்கெடுப்பு வையுங்கள். அதற்கு ஒரு கடைசி நேரமும் இருக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதை அழுத்தினார்கள் என்பது வழக்கமாக எல்லாருக்கும் தெரியும். இடத்துக்கும் தேதிக்கும் அது பரவாயில்லை. "இவ்வளவு செலவு பண்ண முடியுமா?" என்று அதில் கேட்டால் முடியாதவர் "முடியாது" என்பதை அழுத்தமாட்டார். பேசாமல் இருந்துவிட்டு, கிளம்பும் நாளன்று உடம்பு சரியில்லை என்பார். பண விஷயத்தைத் தனித்தனியாகத்தான் விசாரிக்கணும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தவறு, "யாராவது முதலுதவிப் பெட்டி எடுத்துட்டு வாங்க" என்ற அறிவிப்பு. யாரும் எடுத்து வரமாட்டார்கள், அதில் யாருடைய குற்றமும் இல்லை. ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். இன்னோர் அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் ஹெட்போனில் கேட்கச் செய்தார்கள். தான் மட்டுமே அதைக் கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அது முடிவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நாலு பேர் காதிலும் அது விழுகிறது என்று நினைத்தவர்களில் அப்படி எழுந்தவர்கள் 31 சதவீதம்தான். உயிர் போகிற விஷயத்திலேயே இப்படி என்றால் பஞ்சும் களிம்பும் எம்மாத்திரம்? பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கணக்கு

மனக்கசப்பு அதிகம் வருவது பணத்தில்தான். ஆனால் யாரோ கையாடல் செய்ததால் வருவது அபூர்வம். வண்டி வாடகை எத்தனை பேர் வந்தாலும் மாறாது, நுழைவுக் கட்டணம் ஆளுக்குத் தகுந்தபடி மாறும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று முதல் நாளே சொல்லிவிடுவதுதான் பிரச்சினையின் வேர்.

40 பேர் "வருகிறோம்" என்கிறார்கள். பெரிய பேருந்து பேசியாகிவிட்டது. வந்தது 28 பேர். வாடகையில் ஒருவரின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். கூடுதலை வந்தவர்களிடம் கேட்டால் முகம் சுளிப்பார்கள், கேட்காவிட்டால் ஒருங்கிணைப்பவரின் கைக்காசு போகும். அதனால் "வருகிறேன்" என்ற சொல்லை எண்ணாதீர்கள், வந்த அட்வான்ஸை எண்ணுங்கள். கடைசித் தேதி முடிந்த பிறகு வண்டியைப் பேசுங்கள். ஆள் குறைந்தால் சின்ன வண்டி எடுத்தால் போயிற்று. கடைசி நிமிடத்தில் வரமுடியாமல் போனால் எந்தப் பணம் திரும்ப வரும், எது வராது என்பதைப் பணம் வாங்கும்போதே எழுதிவிட வேண்டும். பின்னால் சொன்னால் அது விதியாகத் தெரியாது, அந்த ஒரு நபர்மேல் உள்ள கோபமாகத்தான் தெரியும்.

உணவகத்தில் பில்லை எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பதும் பார்வைக்குத்தான் நியாயம். ஒரு பானம் மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர் பக்கத்து இருக்கையின் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுப்பார், எதுவும் சொல்லமாட்டார், அடுத்த முறை அவருக்கு "வேலை" இருக்கும். தனித்தனி பில் தருவார்களா என்று இடம் பிடிக்கும்போதே கேட்டு வைப்பது ஒரு நிமிட வேலை. வரவு செலவை ஊருக்குத் திரும்பிய இரண்டொரு நாளில் ரசீதுகளோடு குழுவில் போட்டுவிடுங்கள். யாரும் படிக்கமாட்டார்கள்தான். போடாமல் விட்டால் மட்டும் எல்லாரும் கவனிப்பார்கள்.

"கொஞ்ச தூரம்தான்"

அறிவிப்பில் எழுதக்கூடாத வார்த்தை இது. யாருக்குக் கொஞ்சம்? தூரத்தை எண்ணில் எழுதுங்கள். படிக்கட்டு உண்டா, கைப்பிடி இருக்கிறதா, நடுவில் உட்கார இடம் இருக்குமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மேடான பாதை என்றால் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், மேலும் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஆனால் அது நல்ல உடற்கட்டு உள்ளவர் எங்கும் நிற்காமல் நடக்கும் கணக்கு. பல வயதுப் பெண்கள் பேசிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் போகும் குழுவுக்கு அதை இரட்டிப்பாக்கினால்தான் சரியாக வரும்.

நடக்கும்போது அநேகமாக எல்லாக் குழுக்களிலும் ஒரு காட்சி நடக்கும். முன்னால் போகிறவர்கள் ஒரு நிழலைப் பார்த்து உட்காருவார்கள். பத்து நிமிடம் கழித்துப் பின்தங்கியவர் மூச்சு வாங்க வந்து சேர்வார். "வந்துட்டீங்களா அக்கா, சரி, கிளம்பலாம்" என்று எல்லாரும் எழுந்துவிடுவார்கள். களைப்பே இல்லாதவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு கிடைத்தது, களைத்து வந்தவருக்கு உட்காரக்கூட நேரமில்லை. இது ஒரே நாளில் மூன்று நான்கு முறை நடந்தால் அவர் மறுபடி வருவாரா? கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். மெதுவாக நடப்பவரை முன்வரிசையிலேயே நடக்கவிட்டால் வேகம் தானாகவே அவருக்கு ஏற்றபடி அமையும். பாதை தெரிந்த ஒருவர் எல்லாருக்கும் பின்னால் வரட்டும், அவருக்குப் பின்னே யாரும் தங்கக்கூடாது. பாதை பிரியும் இடத்தில் முன்னால் போனவர்கள் நின்றாக வேண்டும். விசிலடித்துக்கொண்டு ஓடும் லீடரைவிட இந்த நாலு ஏற்பாடும் அதிகம் உதவும்.

கழிப்பறைக் கணக்கை யாரும் போடுவதில்லை. 24 பெண்கள், இரண்டு கழிப்பறை, ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றால் மொத்தம் 24 நிமிடம். நிகழ்ச்சி நிரலில் "பத்து நிமிட இடைவேளை" என்று போட்டிருப்போம். ஓட்டுநர் ஹாரன் அடிப்பார், வரிசையில் கடைசியில் நின்றவர்கள் பாதியிலேயே ஓடிவருவார்கள். அதன் விளைவு அடுத்த பயணத்தில் தெரியும்: காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். வெயிலில் நடக்கும் நாளில் அது தலைவலி, மயக்கத்தில் கொண்டு விடும், சிறுநீர்த் தொற்றுக்கும் வழி செய்யும். எங்கெங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்பதை இடம் பார்க்கப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள், நிறுத்தத்துக்கு அரை மணி ஒதுக்குங்கள்.

திரும்பும் நேரமும் இப்படித்தான். புறப்படும் நேரத்தை மூன்று முறை நினைவூட்டுகிறோம், திரும்புவதைப் பற்றி "சாயங்காலத்துக்குள்ள வந்துடலாம்" என்கிறோம். வீட்டில் சின்னக் குழந்தையையோ படுக்கையில் இருக்கும் பெரியவரையோ யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வருகிறவருக்கு அந்த ஒரு மணி நேர வித்தியாசம்தான் எல்லாமே. இன்னும் ஒரு இடம் பார்க்கலாம் என்று வழியில் சேர்ப்பது பலருக்குக் கொண்டாட்டம், அவருக்கு மட்டும் கடைசி இரண்டு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே போகும்.

புதிதாக வருகிறவர்

புதிதாக வந்தவரை எழுந்து நின்று தன்னைப் பற்றிப் பேசச் சொல்வதோடு நம் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். கைதட்டிவிட்டு அவரவர் தோழியோடு அவரவர் பேசப் போய்விடுவார்கள். நீளமான மேசையின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். மானுடவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் இயல்பான உரையாடல்களைக் கவனித்துச் சொன்னது, ஒரே பேச்சில் சேர்ந்திருப்பவர்கள் ஏறக்குறைய நாலு பேர்தான் என்பது. ஐந்தாறு பேர் ஆனால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே இருபது பேர் "ஒன்றாக" உட்கார்ந்திருப்பது பார்வைக்கு மட்டுமே. நாலு நாலு பேராக உட்கார வையுங்கள், பாதி நேரத்தில் இடம் மாற்றுங்கள். புதியவரோடு வண்டியிலும் பக்கத்தில் உட்கார ஒருவரை முன்னாலேயே சொல்லி வையுங்கள். அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

திரைப்படத்துக்குக் கூட்டிப்போவது சுலபமான ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். பழகுவதற்கு அதைவிட மோசமான வழி இல்லை. இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். கைவேலை, செடி நடுவது, சேர்ந்து ஒரு புத்தகம் வாசிப்பது என்று கைக்கோ வாய்க்கோ வேலை இருக்கும் நிகழ்ச்சிகளில் பேச்சு தானாக வரும், செலவும் குறைவு. இரண்டு பயணங்களுக்கு நடுவில் இப்படி ஒன்று இருந்தால் பயணச் செலவு தாங்காதவரும் குழுவில் ஒட்டிக்கொண்டிருப்பார்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். குழுவுக்குள் பகிர்வது வேறு, பொதுவில் போடுவது வேறு. கேட்டுவிட்டுப் போடுங்கள், அதுவும் வீடு திரும்பிய பிறகு. ஊரே பார்க்கும்படி "எல்லாரும் இங்கே இருக்கிறோம்" என்று உடனுக்குடன் போடுவது, வீடு காலியாக இருக்கிறது என்ற அறிவிப்பும்கூட. அதே மாதிரி, அவசரத் தொடர்பு எண்கள், யாருக்கு எந்த ஒவ்வாமை போன்ற விவரங்கள் ஒரே ஒருவர் போனில் இருக்கக்கூடாது. சார்ஜ் தீர்ந்தால் அத்தனையும் போச்சு. ஒரு தாளில் எழுதி இரண்டு பேர் கையில் இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் "எல்லாருக்கும் பிடிச்சிருந்துதா?" என்று குழுவில் கேட்டால் கைதட்டும் பொம்மைகள்தான் வரும். "நடை அதிகமா இருந்துதா? வந்து சேர்ந்த நேரம் சரியா இருந்துதா?" என்று குறிப்பாக, தனியாகக் கேட்டால் பதில் கிடைக்கும். அடுத்தடுத்து இரண்டு முறை வராதவருக்கு ஒரு போன் போடுங்கள். ஒருங்கிணைப்பவர் பேசினால் வருகைப் பதிவேடு எடுப்பதுபோல் இருக்கும், கடைசியாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் பேசட்டும். ஏன் வரவில்லை என்ற பேச்சே வேண்டாம். "அடுத்த மாசம் சனிக்கிழமை சாயங்காலமா, புதன்கிழமை காலையிலயா, உங்களுக்கு எது தோது?" என்று கேட்டால் போதும். அவர் சொல்லும் கிழமையையே அந்த மாதத்துக்கு வைத்துவிடுங்கள்.