நாய், பூனை வணிக இனப்பெருக்கத்தை நெறிப்படுத்தும் சட்டத்துக்கு ஆதரவு திரட்டுவது எப்படி? கடலூர், புதுச்சேரி மக்களுக்கான வழிகாட்டி

விதிகளை மீறி நாய்க்குட்டிகளைப் பெருக்கி விற்பவருக்கு, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு விதிக்கக்கூடிய அபராதம் அதிகபட்சமாக 100 ரூபாய்தான். மூன்று மாதச் சிறைக்கும் அதே பிரிவில் இடமுண்டு. ஆனால் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை நீதிமன்றத்துக்கு இருப்பதால், 100 ரூபாயைக் கட்டிவிட்டு வெளியேறும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. ஒரே ஒரு குட்டியைப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் தொழிலில் இந்தத் தொகை யாரையும் தடுக்காது.

தேவனாம்பட்டினம் கடற்கரையோரம் கைவிடப்பட்டிருந்த ஒரு லாப்ரடார் பெண் நாயை நாங்கள் தூக்கி வந்தபோது, அதன் மடி தொங்கிப் போயிருந்தது. கருப்பையில் சீழ் கட்டியிருப்பதாகக் கால்நடை மருத்துவர் சொன்னார். குட்டி ஈனும் வரை வைத்திருந்து, முடியாமல் போனதும் வீசியெறிந்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் அது பிழைத்தது. ஆனால் அதை வீசியவர் இன்னொரு பெண் நாயை வாங்கிக்கொள்வதற்குத் தடையேதும் இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மீட்புப் பணியோடு நில்லாமல் சட்டத்தை வலுப்படுத்தவும் உழைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இப்போது என்ன சட்டம் இருக்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். ஏனெனில் “புதுச் சட்டம் வேண்டும்” என்று மட்டும் கேட்டால், “ஏற்கெனவே இருக்கிறதே” என்ற ஒற்றை வரியில் உங்கள் மனு முடிந்துவிடும். சட்ட ஆணையம் 2015-இல் தனது 261-ஆவது அறிக்கையில் செல்லப்பிராணிக் கடைகளையும் நாய் இனப்பெருக்கத்தையும் நெறிப்படுத்தப் பரிந்துரைத்தது. அதன் பின் 2017 மே மாதத்தில் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளும், 2018-இல் செல்லப்பிராணிக் கடை விதிகளும் வெளியாயின. 2017 விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெண் நாய் 18 மாதம் நிறைவதற்கு முன்போ எட்டு வயதைத் தாண்டிய பின்போ சினைப்படுத்தப்படக் கூடாது; ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேலும் குட்டி ஈனக் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இடைத்தரகரும் வியாபாரியும்கூட இவ்விதிகளின் வரையறைக்குள் வருகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். “நான் வாங்கி விற்பவன் மட்டுமே” என்று சொல்லித் தப்பிக்க இயலாது.

பூனைகளின் நிலை இதைவிட மோசம். 2017 விதிகள் நாய்களுக்கானவை மட்டுமே. கடையில் விற்கப்படும் பூனை 2018 விதிகளுக்குள் வரும். ஆனால் வீட்டு மாடியில் கூண்டுகளில் பாரசீகப் பூனைகளை வைத்து வாட்ஸ்அப் வழியாகக் குட்டிகளை விற்பவருக்கு, எத்தனை முறை சினைப்படுத்தலாம் என்ற வரம்பே இல்லை. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம்; ஈன்ற சில வாரங்களிலேயே அது மீண்டும் சினைக்கு வரக்கூடும் என்பதால், விடாமல் ஈனச் செய்தால் ஆண்டுக்கு மூன்று ஈற்றுகூட நடக்கும். தட்டை முகமும் அடர்ந்த மயிரும் கொண்ட அந்த இனங்கள் நம் கடலோரப் புழுக்கத்தில் மூச்சுவிடப் படும் பாட்டைப் பார்த்தவர்கள், இந்த இடைவெளியை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுவார்கள்.

எனவே கோரிக்கையை நான்கே அம்சங்களில் சுருக்கமாக அமையுங்கள். அபராதத்தைக் குட்டியின் விலையோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு உயர்த்துவது முதலாவது. நாய்க்குரிய வயது வரம்பையும் ஈற்று வரம்பையும் பூனைக்கும் நீட்டிப்பது இரண்டாவது. ஒவ்வொரு விளம்பரத்திலும் பதிவு எண் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது மூன்றாவது. என் கணிப்பில் செலவே இல்லாமல் உடனே பலன் தரக்கூடியது இதுதான், ஏனெனில் எண் இல்லாத விளம்பரத்தை அலுவலர் இருந்த இடத்திலிருந்தே கண்டறியலாம். குட்டியை அதன் தாயுடன் காட்டி, வளர்ப்பவரே நேரடியாக விற்க வேண்டும் என்பது நான்காவது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் ஆறு மாதத்துக்குட்பட்ட நாய், பூனைக்குட்டிகளை மூன்றாம் நபர் வணிக நோக்கில் விற்பது தடை செய்யப்பட்டுள்ளது. பிரான்சில் 2024 ஜனவரி 1 முதல் செல்லப்பிராணிக் கடைகளில் நாய்களும் பூனைகளும் விற்கப்படுவதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் வாழும் புதுச்சேரியில் இந்த எடுத்துக்காட்டு எளிதில் காதில் ஏறும்.

“இது மத்தியச் சட்டம், நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்ற பதில் நிச்சயம் வரும். விலங்குகள் வதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநிலமும் சட்டமியற்றக்கூடிய பொருள்களைக் கொண்ட அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதை அப்போது சுட்டிக்காட்டுங்கள். ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2017 ஜனவரியில் திருத்தியது இதே 1960 சட்டத்தைத்தான். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அந்தத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2023 மே 18 அன்று உறுதி செய்தது. காளைக்காகத் திருத்த முடிந்த சட்டத்தை நாய்க்காகவும் பூனைக்காகவும் திருத்த முடியும். புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கும் பொதுப் பட்டியலில் சட்டமியற்றும் அதிகாரம் உண்டு. இரு அரசுகளிடமும் ஒரே நேரத்தில் கேட்பது அவசியம். ஒருபுறம் பிடி இறுகினால் வணிகம் எல்லை தாண்டி மறுபுறம் போய்விடும் என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது சான்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மாவட்டத்தில் பதிவு பெற்ற நாய் இனப்பெருக்கம் செய்பவர்கள் எத்தனை பேர், அவர்களின் இடங்கள் எத்தனை முறை ஆய்வு செய்யப்பட்டன, எத்தனை பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளை மட்டும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் மாநில வாரியத்துக்கும் தனித்தனியே அனுப்புங்கள். தமிழ்நாட்டில் பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை விண்ணப்பத்தில் ஒட்டினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். “விவரம் இல்லை” என்று பதில் வந்தால் மனம் தளராதீர்கள். விதிகள் செயல்படவில்லை என்பதற்கு அதைவிட வலுவான ஆவணம் கிடைக்காது. அதே மாதத்தில் வெளிவந்த விற்பனை விளம்பரங்களைத் தேதியுடன் திரைப்பிடிப்பு எடுத்து அதனுடன் இணைத்தால், பதிவேட்டுக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் தானாகவே வெளிப்படும்.

சான்று தேடும் ஆர்வத்தில் யாருடைய வளாகத்துக்குள்ளும் அனுமதியின்றி நுழையாதீர்கள். பெயரைக் குறிப்பிட்டு முகநூலில் குற்றம் சாட்டினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். இரக்கப்பட்டு நோயுற்ற குட்டியை விலைகொடுத்து மீட்கவும் வேண்டாம். மனம் கேட்காது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நீங்கள் தரும் பணமே அடுத்த ஈற்றுக்கான முதலீடாகிறது. கண்ணெதிரே வதை நடந்தால் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுங்கள். அதைச் சட்டத் திருத்த மனுவோடு கலக்காதீர்கள்.

இனப்பெருக்க இடங்களிலிருந்து வந்த விலங்குகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களின் கடிதம் நூறு கையொப்பங்களுக்குச் சமம். தாயிடமிருந்து சீக்கிரம் பிரிக்கப்பட்டு, குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயில் மடியும் குட்டிகளை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள்தான். குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர்களையும் அணுகலாம்.

மனுவைக் கடலூர் வாசிகள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெறலாம். ஆனால் சட்டத்தை மாற்றுவது ஆட்சியரல்ல என்பதால், மாவட்டத்தின் ஒன்பது சட்டமன்றத் தொகுதிகளில் உங்கள் தொகுதி உறுப்பினரை, கால்நடை பராமரிப்புத் துறைக்கான நிதியை அவை விவாதிக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே, ஒரே பக்கக் குறிப்புடன் சந்தியுங்கள். அவர் அவையில் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை நீங்களே எழுதிக் கொடுப்பது பெரிதும் உதவும். கிராமங்களில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர முயலலாம்.

நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்ப்பதும் வீணல்ல. 1960 சட்டமே ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தூண்டுதலால் பிறந்தது. 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். அச்சட்டத்துக்கான திருத்த வரைவு ஒன்றை மத்திய அரசு 2022 நவம்பரில் பொதுமக்களின் கருத்துக்கு வெளியிட்டது. அத்தகைய வாய்ப்பு மீண்டும் வரும்போது, பிறர் எழுதிய வாசகத்தை நகலெடுத்து அனுப்பாமல், உங்கள் ஊரின் தகவல் உரிமைப் பதிலையும் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்துத் தமிழிலேயே அனுப்புங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நாட்டு நாய்களை வளர்ப்பவர்கள் இச்சட்டத்தைக் கண்டு அஞ்சுவதுண்டு. அவர்களை எதிரிகளாக எண்ணாமல் நேரில் சென்று பேசுங்கள். தாய் நாயைப் பேணி, ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் குட்டி எடுப்பவருக்கு ஈற்று வரம்பினால் எந்த இழப்பும் இல்லை. பதிவுக் கட்டணமும் படிவங்களுமே சிறு வளர்ப்பாளருக்குச் சுமை. அதைக் குறைக்க வேண்டும் என்ற வரியை உங்கள் மனுவில் சேர்த்துவிட்டு, அவர்களிடமும் கையொப்பம் கேளுங்கள்.