இரண்டு ஜோடி மானிட்டரில் மிக்ஸிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டை மிக்ஸ் செய்ய, அதாவது பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலக்க, இரண்டாவது ஜோடி மானிட்டர் (ஸ்டுடியோ ஸ்பீக்கர்) வந்ததும் பலர் செய்யும் முதல் தவறு, இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தாமலே மாற்றி மாற்றிக் கேட்பது. ஒரு டெசிபல் கூடினாலே போதும், அந்த ஜோடிதான் நன்றாக இருக்கிறது என்று காது முடிவுகட்டிவிடும். சத்தம் ஏற ஏற பேஸும் (கனத்த ஒலி) ட்ரெபிளும் (கீச்சொலி) நமக்குத் தூக்கலாகக் கேட்கும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது.

எனக்கு இது உறைக்க ஒரு ராத்திரி முழுக்கப் போனது. பெரிய ஜோடியில் கிக் டிரம் நெஞ்சில் இடித்தது. சின்னதில் ஆளையே காணோம். ஏற்றினேன், பெரியதில் கேட்டுவிட்டு இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். விடிந்தபின் சத்தம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தால், சின்ன ஜோடி 4 டெசிபல் தாழ்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது. கிக்கில் குறையே இல்லை.

அதனால் மிக்ஸைத் தொடும் முன் பிங்க் நாய்ஸை (அளப்பதற்கென்றே உள்ள சீரான இரைச்சல்) ஓடவிடுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் மீட்டரைப் பிடித்து, நான்கு ஸ்பீக்கரையும் ஒவ்வொன்றாக அளந்து அரை டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்கத்தானே, போன் செயலியே போதும்.

அடுத்தது, இரண்டு ஜோடியையும் சேர்த்து ஒலிக்கவிடுவது. கேட்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஸ்பீக்கர் இன்னொன்றைவிட 17 செ.மீ. தள்ளி இருந்தால் அதன் ஒலி அரை மில்லிசெகண்ட் பிந்தி வரும். 1000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வோக்கலுக்கு, அதாவது பாடும் குரலுக்கு, முக்கியமான இடம் அது. அங்கே விழும் பள்ளத்தை ஈக்யூ (ஒலியின் குறிப்பிட்ட பகுதியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து நிரப்பப் போனால் மிக்ஸ் கெட்டுவிடும்.

ஒரே குணமுள்ள இரண்டு ஜோடி வாங்குவதும் வீண். யமஹாவின் என்எஸ்-10 ஸ்பீக்கர் 1978-இல் வீட்டு ஸ்பீக்கராக வந்து, பிறகு ஸ்டுடியோக்களில் குடியேறியதற்குக் காரணம் இனிமை அல்ல. பேஸ் குறைவு, மிட் (நடுத்தர ஒலிகள்) முன்னால் நிற்கும். வோக்கல், கிட்டார், ஸ்நேர் டிரம் இடையே நெரிசல் இருந்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டாவது ஜோடியிடம் இப்படி ஏதாவது ஒரு கேள்விக்குத்தான் பதில் தேட வேண்டும். 4 அங்குல ஸ்பீக்கரில் 40 ஹெர்ட்ஸ் பேஸைத் தேடி ஈக்யூவைத் திருகாதீர்கள். அது அங்கே கிடைக்காது.

சரி, எப்போது மாற்றுவது? பத்து விநாடிக்கொரு தரம் தட்டினால் காது எதற்குமே பழகாது. முடிவுகளை முதன்மை ஜோடியிலேயே எடுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் மாற்றி, பாட்டை முழுசாக ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள். பட்டதைக் காகிதத்தில் குறித்துவிட்டு, திரும்ப முதன்மை ஜோடியில் திருத்துங்கள்.

அப்புறம், மாற்றும்போது சப்வூஃபரும் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) அறைத் திருத்த மென்பொருளும் (அறையால் ஒலியில் வரும் கோளாறைச் சரிசெய்வது) எந்த ஜோடிக்கு ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு அளந்த திருத்தம் இன்னொன்றின் மேல் உட்கார்ந்திருந்தால் கேட்பதெல்லாம் பொய்.