உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு: எங்கே கெடுகிறது?

போன வாரம் அண்ணன் மகன் நண்பர்களோடு தங்கியிருக்கும் அறைக்குப் போயிருந்தேன். நாலு பையன்கள், ஒரு கேஸ் அடுப்பு, ஒரே குண்டான். உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். வாசனை நன்றாகத்தான் இருந்தது. முட்டையைக் கையில் எடுத்ததும், இருபது வருடத்துக்கு முன் நான் செய்த கோளாறுகள் வரிசையாக அரங்கேறின. உப்பு, காரம், அடிபிடிப்பது எல்லாம் நாலு தடவை சமைத்தால் தானாகச் சரியாகிவிடும். அதை விடுகிறேன்.

தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றுவது

வெள்ளைக்கரு பிய்ந்து நூல் நூலாகிவிடும். அது இறுகத் தொடங்க 62 டிகிரி செல்சியஸ் போதும். நன்றாகக் கெட்டிப்பட 80. கொதிப்பே தேவையில்லை. தீயைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் குமிழ் எட்டிப் பார்க்கும்போது ஊற்றுங்கள். அதற்காக அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றினால் முட்டை அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் முட்டை வேகவைப்பவர்கள் கொஞ்சம் வினிகர் விடுவது வெள்ளைக்கரு சீக்கிரம் திரளத்தான். நமக்கு அந்த வேலையைப் புளி பார்த்துக்கொள்ளும்.

குண்டானுக்கு மேலேயே உடைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். கல்யாணமான புதிதில் மாமனாரும் மாமியாரும் முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். சின்ன வெங்காயம் உரித்து, வதக்கி, தேங்காய் சோம்பு அரைத்து, ஒன்றரை மணி நேரம் மெனக்கெட்டு வைத்த குழம்பு. ஐந்து முட்டையைக் குண்டானின் விளிம்பில் தட்டி ஸ்டைலாக உள்ளே விட்டேன். ஆறாவது கூமுட்டை. கரண்டியை எடுப்பதற்குள் கலந்துவிட்டது. நாற்றம் கூடம் வரைக்கும் போனது. அத்தனையையும் கொல்லையில் கொட்டினேன். மாமனார் மோர்ச்சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லீங்க மாப்பிள்ளை" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

ஒரு சின்னக் கிண்ணம் போதும். ஒவ்வொரு முட்டையாக அதில் உடைத்து, முகர்ந்து, அப்புறம் கிண்ணத்தின் விளிம்பு குழம்பைத் தொடுகிற மாதிரி சாய்த்து நழுவவிடுங்கள். உயரத்திலிருந்து விழாததால் மஞ்சள்கருவும் உடையாது. ஓட்டுத்துண்டு விழுந்தாலும் எடுத்துவிடலாம். தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான்: படுத்தால் புதிது, நிமிர்ந்து நின்றால் பழையது, மிதந்தால் வேண்டாம். ஆனால் மூழ்கிய முட்டையிலும் கெட்டது இருக்கலாம். பழைய முட்டையின் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். அதை டீ வடிகட்டியில் ஒரு நிமிடம் விட்டு, நீர்த்ததை வடித்துவிட்டு ஊற்றினால் உருண்டையாக நிற்கும்.

"இன்னொரு பாத்திரம் கழுவணுமா சித்தப்பா?" என்றான் பையன். நாலு முட்டையையும் நேராகவே உடைத்தான். நாலும் நல்ல முட்டை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

கரண்டி

ஊற்றியபின் உள்ளே விடாதீர்கள்.

மூடி

போட்டே ஆக வேண்டும்.

ஒன்றின் மேல் ஒன்று

அகலமான பாத்திரம் எடுங்கள். ஒன்று ஓரளவு வெளுத்தபின் அடுத்ததை வேறு பக்கம் விடுங்கள். சிறு தீயில் ஏழெட்டு நிமிடம். மஞ்சள்கரு இளக்கமாக இருப்பது சிலருக்குப் பிடிக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் முழுக்க வேகட்டும், சால்மோனெல்லா கிருமி பயம் இருக்கிறது.

மீந்ததைச் சுடவைப்பது

முட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் கொதிக்கவிட்டு, அணைத்தபின் திரும்பப் போட்டு மூடிவையுங்கள். சேர்த்துக் கொதிக்கவிட்டால் ரப்பர்தான்.