பெருநகரில் நல்ல சைவ, வீகன் உணவகத்தைக் கண்டறிவது எப்படி?

அறிமுகமில்லாத பெருநகரில் சைவ உணவகம் தேடுபவர், 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹாப்பிகவ் (HappyCow) என்ற இணையதளத்திலிருந்து தொடங்கலாம். முழுவதும் வீகன் (விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதுவும் சேராதது), முழுவதும் சைவம், சைவ உணவும் கிடைக்கும் பொது உணவகம் என்று அது இடங்களைப் பிரித்துக் காட்டுகிறது. நட்சத்திர மதிப்பெண்ணைவிட, கருத்துகள் எழுதப்பட்ட தேதியைப் பார்ப்பதே மேல்; பெருநகரங்களில் உணவகங்கள் சத்தமில்லாமல் மூடப்படுவதுண்டு.

பெயர்ப்பலகையை மட்டும் நம்பிவிடக் கூடாது. பால், வெண்ணெய், தேன் ஆகியவை சைவ உணவில் இருக்கலாம், வீகன் உணவில் இருக்கக் கூடாது என்பது பலரும் அறிந்ததே; கண்ணுக்குத் தெரியாத பொருள்களே உண்மையான சிக்கல். காய்கறி சூப்பை எலும்புச் சாற்றில் கொதிக்கவைத்திருக்கலாம், சாஸில் மீன் சாறு கலந்திருக்கலாம், இனிப்பில் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம், பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைக் கொண்டு உறையவைத்திருக்கலாம். ஆகவே, "இது சைவமா?" என்று பொதுவாகக் கேட்காமல், இப்பொருள்களைப் பெயர் சொல்லிக் கேட்பதும், பொரிக்கும் எண்ணெய் தனியாக வைக்கப்பட்டுள்ளதா என விசாரிப்பதும் நல்லது. சமையலறைக்குள் சென்று கேட்டு வந்து பதில் சொல்லும் பணியாளர் இருக்கும் இடத்தைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

இறைச்சியைப் போலச் செய்த பண்டங்கள் நிறைந்த நீண்ட பட்டியலைவிட, பருவக் காய்கறிகளும் பருப்பு வகைகளும் முன்னிற்கும் சிறிய பட்டியலையே நான் விரும்புவேன். புகழ்பெற்ற உணவகமாயின் முன்பதிவு செய்துவிட்டுச் செல்வது நலம்.