மூன்று ஜோன் பாய்லரில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: சி ஒயர் எங்கிருந்து வரவேண்டும்?

அம்மாவின் அறையில் நான் மாட்டிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் இலையுதிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. குளிர் உச்சத்துக்குப் போன ஒரு ராத்திரியில் அணைந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் திரை கறுத்துக் கிடக்கிறது, அம்மா இரண்டு போர்வைக்குள் சுருண்டு படுத்திருக்கிறார். தெர்மோஸ்டாட்டில் பழுது எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட்டுக்கு எந்நேரமும் மின்சாரம் கிடைக்க உதவும் சி ஒயர் இல்லாமலே சமாளித்துவிடலாம் என்று பழைய இரண்டு ஒயரில் அதை மாட்டியிருந்தேன். அந்த ராத்திரி வேறு எந்த வீட்டிலும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே சொல்வதெல்லாம் 24 வோல்ட் ஏசியில் (மாறுதிசை மின்சாரத்தில்) ஓடும், வீட்டைச் சூடாக்கும் பாய்லர் அமைப்புக்கு மட்டும். சுவரில் இருக்கும் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றும்போது தடித்த ஒயர்களும் திருகுமூடி போட்ட இணைப்புகளும் தெரிந்தால், அதில் 120 அல்லது 230 வோல்ட் ஓடலாம். ஒவ்வொரு ஜோனுக்கும், அதாவது தனியாகச் சூடாக்கும் வீட்டுப் பகுதிக்கும், சூடான நீரை விடும் ஜோன் வால்வுகளே 230 வோல்ட்டில் இயங்கும் வீடுகளும் நிறைய உண்டு. அப்படியிருந்தால் மூடிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பாய்லரின் எரிவாயுப் பக்கத்தை எந்த நிலையிலும் தொடக்கூடாது.

இந்த வேலையில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அங்கே ஒரு சர்க்யூட் இல்லை, இரண்டு இருக்கின்றன.

முதல் சர்க்யூட் வால்வைத் திறக்கிறது. 24 வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனை தெர்மோஸ்டாட்டின் ஆர் டெர்மினலுக்குப் போகிறது. அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் ஆரையும், வெப்பம் கேட்கும் டெர்மினலான டபிள்யூவையும் சேர்க்கிறது. டபிள்யூவிலிருந்து மின்சாரம் அந்த ஜோனின் வால்வு மோட்டாருக்குப் போய், மோட்டாரின் மறு ஒயர் வழியாக டிரான்ஸ்ஃபார்மரின் மறு முனைக்குத் திரும்புகிறது. அந்த மறு முனைதான் சி.

இரண்டாவது சர்க்யூட் பாய்லரை எழுப்புகிறது. வால்வு திறந்து முடிந்ததும் அதற்குள் இருக்கும் எண்டு ஸ்விட்ச் மூடுகிறது. எல்லா வால்வுகளின் எண்டு ஸ்விட்ச்களும் ஒன்றுக்கொன்று இணையாக பாய்லரின் டிடி டெர்மினல்களில் (T T என்று குறித்த, பாய்லரை எரியச் சொல்லும் இரண்டு முனைகளில்) சேர்கின்றன. அதனால்தான் எந்த ஒரு ஜோன் கேட்டாலும் பாய்லர் எரிகிறது. டிடியில் இருக்கும் மின்சாரம் பாய்லரின் சொந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது. வால்வு டிரான்ஸ்ஃபார்மரோடு அது எங்கேயும் கலக்கக்கூடாது. இரண்டும் எதிர்க் கட்டத்தில் (ஃபேஸில்) இருந்தால் 24 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 48 வரை வந்து நிற்கும். தெர்மோஸ்டாட்டின் சி, அந்த ஜோன் வால்வைத் திறக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் வரவேண்டும்.

உங்கள் வால்வில் நான்கு ஒயர் இருந்தால் இது சுலபம். ஹனிவெல் வி8043இ வகையில் இரண்டு மஞ்சள் ஒயர் மோட்டாருக்கு, இரண்டு சிவப்பு எண்டு ஸ்விட்சுக்கு. மூன்று டெர்மினல் மட்டும் உள்ள வால்வில் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். அதில் நடு டெர்மினல் மோட்டாருக்கும் ஸ்விட்சுக்கும் பொது. சொந்த மின்சாரம் கொடுக்கும் டிடியோடு அதை நேராகச் சேர்த்தால் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் கைகோத்துவிடும். இடையில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போட்டுப் பிரிக்கவேண்டும். ஜோன் கண்ட்ரோலர் பெட்டி இருக்கும் வீட்டில் இந்தக் கவலை கிடையாது. ஒவ்வொரு ஜோனுக்கும் ஆர், டபிள்யூ, சி என்று பெயர் போட்ட டெர்மினல்களே இருக்கும். வால்வுக்குப் பதில் ஜோனுக்கு ஒரு பம்ப் ஓடும் வீடுகளிலும் இப்படிப் பெட்டி இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான்.

இனி அம்மாவின் அறையில் என்ன ஆனது என்று பார்ப்போம். சி இல்லாத ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், வெப்பம் கேட்காத நேரத்தில் வால்வு மோட்டார் வழியாகச் சிறு மின்னோட்டத்தைக் கசியவிட்டு உள் பேட்டரியை ஏற்றிக்கொள்ளும். வெப்பம் கேட்கும்போது ஆரும் டபிள்யூவும் சேர்ந்துவிடுவதால் நடுவில் வோல்டேஜே இருக்காது. பேட்டரியில்தான் பெரும்பாலும் பிழைக்கவேண்டும். மிதமான குளிரில் வால்வு அடிக்கடி மூடுவதால் பேட்டரி தேறிவிடுகிறது. கடுங்குளிரில் வால்வு மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். வெப்பம் மிக அதிகமாகத் தேவைப்படும் ராத்திரியில்தான் அது சாகும்.

வேலைக்கு வருவோம். பிரேக்கரில் பாய்லரையும் வால்வு டிரான்ஸ்ஃபார்மரையும் அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து மின்சாரம் இல்லை என்று பாருங்கள். பழைய இணைப்புகளைப் படமெடுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி ஜோன் பெயரையும் டெர்மினல் பெயரையும் எழுதுங்கள். நிறத்தை நம்பவேண்டாம். என் வீட்டில் ஒரு ஜோனில் சிவப்பு ஒயர் டபிள்யூவில் இருந்தது.

சுவருக்குள் ஒயர் தளர்வாக இருந்தால் பழைய இரண்டு கம்பி ஒயரின் நுனியில் 18 கேஜ், ஐந்து கம்பி ஒயரைக் கட்டி இழுக்கலாம். மூன்று கம்பி போதும்தான், ஆனால் ஒருமுறை இழுக்கிற சிரமத்துக்கு ஐந்தே இழுத்துவிடுங்கள். பல வீடுகளில் ஒயரை மரச்சட்டத்தோடு ஆணியடித்து வைத்திருப்பார்கள். அசையவில்லை என்றால் பலங்கொண்டு இழுக்காதீர்கள், உள்ளே அறுந்தால் இருந்ததும் போகும்.

அம்மாவின் அறை ஒயர் அசையவில்லை. அங்கே செய்தது இது: தெர்மோஸ்டாட் பக்கத்தில் ஒரு 24 வோல்ட் ஏசி அடாப்டர், அதன் இரண்டு ஒயரும் தெர்மோஸ்டாட்டின் ஆருக்கும் சிக்கும். டபிள்யூவுக்கும் சிக்கும் நடுவே 24 வோல்ட் ஏசி ரிலேயின் காயில். சுவரிலிருந்து வரும் பழைய இரண்டு ஒயரும் ரிலேயின் வெற்றுத் தொடர்பில், அதாவது பொதுவிலும் இயல்பாகத் திறந்திருக்கும் முனையிலும். அடாப்டர் மின்சாரம் வால்வு சர்க்யூட்டைத் தொடுவதே இல்லை. ரிலே பிடிக்கவில்லை என்றால், இரண்டு ஒயரிலேயே ஓடும் பேட்டரி தெர்மோஸ்டாட் வாங்குங்கள். வயதானவர் தூங்கும் அறையில் சி இல்லாத தெர்மோஸ்டாட்டைவிட அது எவ்வளவோ மேல்.

ஒயர் இழுக்க முடிந்த ஜோன்களில் மூன்று இணைப்புதான். பாய்லர் அறையில் புது சி ஒயரை, மோட்டாரின் மறு ஒயர் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும் அதே இடத்தில் சேருங்கள். தெர்மோஸ்டாட் முனையில் ஆர், டபிள்யூ, சி. ஆர்சி, ஆர்எச் என்று இரண்டு ஆர் இருந்தால் எதில் போடவேண்டும் என்று அந்தக் கருவியின் கையேட்டில் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. மின்சாரம் இருக்கும்போது ஆரும் சியும் ஒன்றையொன்று தொட்டால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். ஆர் வரியில் 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போட்டுவையுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று கணக்குப் போட்டே தீரவேண்டும். வி8043 ஒன்றுக்கு 7.7 விஏ (வோல்ட்-ஆம்பியர், மின்சுமையின் அளவு). மூன்று ஜோன் என்றால் 23.1. தெர்மோஸ்டாட் ஒவ்வொன்றுக்கும் சில விஏ சேர்த்தாலும் 40 விஏ டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும். நான்கு ஜோனில் வால்வுக்கு மட்டுமே 30.8 போய்விடும், இடுக்கிப் பிடிக்கும். அதற்குமேல் என்றால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்தான் சரி. சூடேறித் திறக்கும் பழைய வகை வால்வுகள் இதைவிட நிறைய இழுக்கும், லேபிளைப் படித்துவிட்டுக் கூட்டுங்கள்.

மின்சாரம் கொடுத்ததும் ஆருக்கும் சிக்கும் நடுவே அளந்தால் 24 முதல் 28 வோல்ட் வரை காட்டவேண்டும். பிறகு ஒரு ஜோனை மட்டும் கூட்டிவைத்து, மற்றவற்றைக் குறைத்துவிட்டு, வால்வு திறக்கிறதா, அதன் பிறகு பாய்லர் எரிகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். வால்வு திறந்தும் பாய்லர் எரியவில்லை என்றால் எண்டு ஸ்விட்ச் பக்கம் தேடவேண்டும். கால் மணி கழித்துக் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள், அந்த ஜோனின் குழாய் மட்டுமே சுடவேண்டும். இப்படி மூன்றையும் தனித்தனியாகச் செய்யுங்கள். மாடியும் கீழும் பெயர் மாறியிருப்பது இந்தச் சோதனையில்தான் தெரியும்.

தெர்மோஸ்டாட்டின் செட்டிங்கில் வெப்ப வகையைச் சூடான நீர், ரேடியேட்டர், தரைச் சூடு என்று உள்ளதை உள்ளபடி தேர்ந்தெடுங்கள். மணிக்கு எத்தனை சுழற்சி (எரிந்து அணைவது) என்று கேட்டால் சூடான நீருக்கு 3. தரைச் சூட்டில் ராத்திரி வெப்பநிலையைப் பல டிகிரி இறக்காதீர்கள், கான்கிரீட் மறுபடி சூடாவதற்குள் பொழுது விடிந்துவிடும். கண்டென்சிங் பாய்லர் (புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடிக்கும் பாய்லர்) வைத்திருப்பவர்கள், திரும்பிவரும் நீர் சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் அதன் மிச்சம் கைக்கு வரும் என்பதை மனதில் வைத்து, ராத்திரி அதிகமாக இறக்கிக் காலையில் கொதிக்கவிடும் அட்டவணையைத் தவிர்க்கலாம். அம்மாவின் அறைக்கு நான் அட்டவணையே வைக்கவில்லை. இரவும் பகலும் 21 டிகிரி.