பேஸ்மேக்கர் மேல் வருவது வேனல் கட்டி இல்லை

வேலூர் வெயிலில் வேனல் கட்டி வராத உடம்பு ஏது? அதனால்தான் போன சித்திரையில் பெரியப்பாவின் இடது தோள்பட்டைக்குக் கீழே, இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி புடைத்திருக்கும் இடத்தின் ஓரம் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்தபோது, குடியாத்தத்தில் வீட்டில் யாரும் பதறவில்லை. பெரியம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டார். பேட்டரி மாற்றி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. முதல்முறை வைப்பதைவிடப் பேட்டரி மாற்றும்போதுதான் கிருமி புகும் வாய்ப்பு அதிகம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் இன்னும் அதிகம்.

அப்புறம் மருந்துக்கடையில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக். சிவப்பு வற்றியது, பத்தே நாளில் திரும்பியது. திரும்பத்தான் செய்யும். பெரும்பாலும் நம் தோலிலேயே வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிதான் இது. பேஸ்மேக்கர் பெட்டியிலும், அதிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயரிலும் வழவழவென்று ஒரு படலம் கட்டி, அதற்குள் பதுங்கிக்கொள்ளும். மாத்திரை அங்கே எட்டாது. அதோடு, மாத்திரை போட்டபிறகு ரத்தம் எடுத்தால் பிளட் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி சிக்காமலும் போகலாம். ரத்தம் முதலில், மருந்து பிறகு.

வீக்கத்தில் ஊசி குத்தி நீரை உறிஞ்சச் சொல்வதும் வேண்டாம். இல்லாத கிருமியையும் அந்த ஊசி உள்ளே கொண்டுபோய்விடும்.

பெரியப்பா பிடித்த பிடிவாதம்தான் பெரிய தவறு. "தோலை மட்டும் தைச்சு விடுங்க, மிஷின் இருக்கட்டும்." கிருமி உறுதியானால் பெட்டி, ஒயர் இரண்டையும் எடுத்தாக வேண்டும். ஒயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது; கிருமி அதே வழியில் வால்வு வரை போகும். தோல் மெலிந்து உலோகம் தெரிந்தால், சீழ் இல்லாவிட்டாலும் இதே கதைதான். ஒரு வருஷம் தாண்டிய ஒயர் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அதை உருவுவதற்குப் பழகிய கையும், பக்கத்திலேயே இதய அறுவை வசதியும் உள்ள ஆஸ்பத்திரிதான் சரி.

மேலே சிவப்பே இல்லாமல் வெறும் காய்ச்சலும் குளிரும் விட்டுவிட்டு வந்தாலும் ஒயரைச் சந்தேகிக்க வேண்டும். டைஃபாய்டு என்று ஊசி போட்டுக்கொள்ளும் முன், பேஸ்மேக்கர் இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மறுபக்கம், பல் பிடுங்கப் போகும்போது பேஸ்மேக்கருக்காக மட்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. செயற்கை வால்வு வைத்தவர்கள் போன்ற சிலருக்குத்தான் அது.

பெரியப்பாவுக்கு, ரத்தத்தில் கிருமி இல்லை என்று தெரிந்தபிறகு வலது பக்கம் புதிது வைத்தார்கள். இடது பக்கத் தழும்பின் மேல் இன்னும் மஞ்சள் கறை இருப்பதாகப் பெரியம்மாவைச் சீண்டுகிறார்.